தடுத்து நின்றால் போதும்: ஜார்ஜ் கென்னன் சொன்ன ‘கண்டெய்ன்மென்ட்’

2020-ல் கொரோனா பரவியபோது ‘கண்டெய்ன்மென்ட் ஸோன்’ என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கியது. தெருமுனையில் தகரம் அடித்து, உள்ளே இருப்பவர் வெளியே வராதபடி பார்த்துக்கொண்டார்கள். தகரம் அடித்ததால் நோய் ஒழிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. பரவ விடாமல் பிடித்துவைத்தால் நாளடைவில் அதன் வேகம் அடங்கும் என்பதுதான் கணக்கு.

இதே சொல் அதற்கு 73 ஆண்டுகளுக்கு முன் உலக அரசியலில் நுழைந்தது. கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். அன்று பரவ விடாமல் பிடித்துவைக்க வேண்டும் என்று அமெரிக்கா நினைத்தது சோவியத் ஒன்றியத்தின் செல்வாக்கை. அதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர் ஜார்ஜ் எஃப். கென்னன். வெளியுறவுத் துறை அதிகாரி, இரண்டு நாடுகளில் தூதர், இரண்டு முறை புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர். பனிப்போர்க் காலம் முழுக்க, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அமெரிக்க வெளியுறவுக் கொள்கைக்கு அடித்தளமாக நின்றது இந்த ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லின் பெயரால் நடந்த பலவற்றை எழுதியவரே கடைசிவரை எதிர்த்தார். ஏன் எதிர்த்தார் என்பது விளங்கினால் கொள்கையும் விளங்கிவிடும். அதனால் மனிதரையும் கொள்கையையும் சேர்த்தே சொல்கிறேன்.

உறவே இல்லாத நாட்டைப் படித்தவர்

கென்னன் பிறந்தது 1904 பிப்ரவரி 16 அன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில். பிறந்து சுமார் இரண்டு மாதத்தில் தாயை இழந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1925-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அவருடைய தாத்தா வழி உறவினர் ஒருவருக்கும் ஜார்ஜ் கென்னன் என்றுதான் பெயர். பிறந்த நாளும் அதே பிப்ரவரி 16. அந்தப் பெரியவர் சைபீரியா முழுக்க அலைந்து, ஜார் மன்னர் நாடுகடத்தி அடைத்துவைத்த கைதிகளைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர். சிறியவருக்கு ரஷ்யா மேல் பிடிப்பு வந்ததில் இந்த உறவுக்கும் பங்கு உண்டு.

1929-ல் வெளியுறவுத் துறை அவரை ரஷ்ய மொழியும் வரலாறும் படிக்க பெர்லினுக்கு அனுப்பியது. அப்போது அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் தூதரக உறவே கிடையாது. என்றாவது ஒரு நாள் உறவு வரும், அன்று அந்த நாட்டைத் தெரிந்த ஆட்கள் கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சிலரைத் தயார் செய்தார்கள். லாட்வியாவின் ரீகா நகரில் உட்கார்ந்து சோவியத் பத்திரிகைகளை வரி வரியாகப் படிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. 1933-ல் உறவு வந்தது. முதல் தூதர் வில்லியம் புல்லிட்டுடன் மாஸ்கோ போய் தூதரகத்தைத் திறந்துவைத்தவர்களில் கென்னனும் ஒருவர்.

அவர் ரஷ்ய இலக்கியத்தில் ஊறியவர். செகாவைப் பற்றி ஒரு வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை வைத்திருந்தார். அதே மனிதர்தான் ஸ்டாலின் நடத்திய விசாரணை நாடகங்களில் ஒன்றை 1937-ல் நீதிமன்ற அறைக்குள் உட்கார்ந்து, தன் தூதருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். ரஷ்ய மக்கள் மேல் அன்பு, அவர்களை ஆண்ட அமைப்பின் மேல் அவநம்பிக்கை. இந்த இரண்டும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. அவருடைய கொள்கை போர்வெறியாக இல்லாமல் போனதற்கு இந்த இரட்டை உணர்வே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இடையில் பிராக், பெர்லின். 1941 டிசம்பரில் ஜெர்மனியும் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது பெர்லினில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தாரை நாஜிகள் பாட் நௌஹைம் என்ற ஊரில் சுமார் ஐந்து மாதம் அடைத்துவைத்தார்கள். கென்னனும் அதில் அடக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காய்ச்சலோடு எழுதிய தந்தி

1944-ல் மறுபடி மாஸ்கோ. ஹிட்லரை வீழ்த்துவதில் ஸ்டாலின் கூட்டாளி. போர் முடிந்த பிறகும் இந்த நட்பு தொடரும் என்று வாஷிங்டனில் பலர் நம்பினார்கள். அது நடக்காது என்று கென்னன் எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1946 பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து ஒரு கேள்வி வந்தது. உலக வங்கியிலும் சர்வதேச நிதியத்திலும் சேர சோவியத் ஒன்றியம் ஏன் தயங்குகிறது என்று அமெரிக்க நிதித் துறை கேட்டது. அதோடு, அந்த மாதம் ஸ்டாலின் ஆற்றிய ஓர் உரையும் வாஷிங்டனைக் குழப்பியிருந்தது. தூதர் ஊரில் இல்லை. பொறுப்பில் இருந்த கென்னனுக்கோ சளி, காய்ச்சல், பல்வலி. படுத்த படுக்கை. இத்தனை நாள் கேட்காதவர்கள் இப்போது கேட்கிறார்கள், சரி, முழுசாகவே சொல்லிவிடுவோம் என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தந்தி என்றால் சுருக்கம்தானே? இது 5,000 சொற்களைத் தாண்டியது. பழைய காலத்துத் தேவாலயப் பிரசங்கம் போல ஐந்து பகுதியாகப் பிரித்து அனுப்பியதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். பிப்ரவரி 22 அன்று போன அந்தத் தந்திக்கு ‘நெடுந்தந்தி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடற்படைச் செயலர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் அதைப் படி எடுத்து அதிகார வட்டம் முழுக்கச் சுற்றுக்கு விட்டார். ஒரே வீச்சில் கென்னன் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது.

தந்தியில் இருந்த சரக்கு இதுதான். சோவியத் தலைவர்கள் வெளி உலகத்தைப் பகையாகப் பார்ப்பது அமெரிக்கா என்ன செய்தது, செய்யவில்லை என்பதைப் பொறுத்தது அல்ல. ரஷ்ய ஆட்சியாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன அச்சம் அது. வெளியே எதிரி இருக்கிறான் என்று காட்டினால்தான் உள்ளே நடக்கும் அடக்குமுறைக்கு ஒரு நியாயம் கிடைக்கும். ஆகவே சலுகை கொடுத்து மனதை மாற்ற முடியாது. அதே சமயம், அவர்கள் ஹிட்லரைப் போல நாள் குறித்துப் போருக்குப் பாய்கிறவர்களும் அல்லர். உறுதியான எதிர்ப்பைக் கண்டால் பின்வாங்கத் தெரிந்தவர்கள்.

அப்படியானால் கண்டெய்ன்மென்ட் என்றால் என்ன?

அன்றைக்கு வாஷிங்டனில் பேசப்பட்ட வழிகள் இரண்டு. ஒன்று, விட்டுக்கொடுத்து நட்பாகப் போவது. இன்னொன்று, என்றைக்கிருந்தாலும் மூளத்தான் போகிறது என்று போருக்குத் தயாராவது. 1949 வரை அணுகுண்டு அமெரிக்காவிடம் மட்டுமே இருந்ததால் இரண்டாவது வழிக்கும் ஆள் இருந்தார்கள். கென்னன் காட்டியது மூன்றாவது வழி. சண்டைக்கும் போக வேண்டாம், பணிந்தும் போக வேண்டாம். பரவ விடாமல் தடுத்து நின்றால் போதும், மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

1947 ஜூலையில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் இதைக் கட்டுரையாக எழுதினார். அரசு அதிகாரி என்பதால் பெயர் போடாமல் ‘எக்ஸ்’ என்று மட்டும் கையெழுத்து. சில நாட்களிலேயே பத்திரிகையாளர் ஆர்தர் குரோக் அது யார் என்று குறிப்புக் காட்டிவிட்டார். அந்தக் கட்டுரையில் கென்னன் காட்டும் இரண்டு உவமைகளைப் பிடித்துக்கொண்டால் கொள்கை கையில் வந்துவிடும்.

ஒன்று நீரோட்டம். சோவியத் ஆதிக்கம் ஓடும் நீர் போல, வழி விட்ட பக்கமெல்லாம் போகும், இண்டு இடுக்கு விடாமல் நிரப்பப் பார்க்கும் என்கிறார். கண்மாய்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீர் பாயும். அதோடு யாரும் சண்டை போட மாட்டோம். எங்கே தாழ்ந்திருக்கிறதோ, எங்கே உடைப்பெடுக்குமோ, அங்கே மண்ணைப் போட்டுக் கரையை உயர்த்துவோம்.

இன்னொன்று சாவி கொடுத்த பொம்மைக் கார். ஒரு திசையில் விட்டால் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும், அசைக்க முடியாத ஒன்றில் முட்டினால்தான் நிற்கும். அதைத் தூக்கிப்போட்டு உடைக்கத் தேவையில்லை. முன்னால் திடமாக ஒன்றை வைத்தால் போதும்.

காலம் எப்படிப் பார்த்துக்கொள்ளும்? சோவியத் அமைப்புக்குள்ளேயே அதன் சிதைவுக்கான விதை இருக்கிறது என்று அவர் கருதினார். போரால் களைத்துப்போன மக்கள், ஒரு பக்கம் மட்டும் வீங்கிய பொருளாதாரம், தலைவர் போனால் அடுத்தவர் யார் என்பதற்கு ஒழுங்கான முறை இல்லாத கட்சி. வெளியே பரவும் வழியை அடைத்தால் இந்த உள்நோய்கள் வேலை செய்யத் தொடங்கும். ஒன்று ஆட்சி மென்மையாகும், அல்லது உடையும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே கரை உயர்த்துவது என்பதில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. உலகத்தில் பெரிய நவீனப் போரை நடத்தும் அளவுக்குத் தொழில் வலிமை உள்ள இடங்கள் ஐந்துதான் என்று அவர் கணக்குப் போட்டார்: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியின் ரைன் பகுதியும் சுற்றியுள்ள தொழில் வட்டாரமும், ஜப்பான், சோவியத் ஒன்றியம். ஐந்தில் ஒன்று மட்டுமே கம்யூனிஸ்ட் கையில். மற்ற நான்கும் அந்தக் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்த் தடுக்க வேண்டிய தேவை இல்லை, அமெரிக்காவால் அது முடியவும் முடியாது.

எதை வைத்துத் தடுப்பது? அவர் மனதில் முதலில் இருந்தது பட்டாளம் அல்ல. போரில் நொறுங்கிக் கிடந்த மேற்கு ஐரோப்பாவில் சோவியத் படை நுழைந்துவிடும் என்று அவர் பயப்படவில்லை. பசியும் வேலையின்மையும் விரக்தியும் அங்கே கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு வழி திறந்துவிடும் என்றே பயந்தார். அப்படியானால் அதற்கு மருந்து சோறும் வேலையும்தான். 1947 மே மாதம் அன்றைய வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல் அமைத்த கொள்கைத் திட்டமிடல் குழுவுக்குக் கென்னன் தலைவரானார். அவருடைய குழு போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான் மார்ஷல் திட்டம். 16 நாடுகளுக்குச் சுமார் 1,300 கோடி டாலர் உதவி. கண்டெய்ன்மென்ட்டுக்கு ஒரே ஓர் உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒரு துப்பாக்கிச் சூடு இல்லாமல் கரை உயர்ந்தது.

சொல் கைமாறியது

இவ்வளவு தெளிவாக இருந்த மனிதர் எங்கே சறுக்கினார்? எழுத்தில்.

‘எக்ஸ்’ கட்டுரையில், சோவியத் நகர்வு ஒவ்வொன்றையும் ‘எதிர்விசை’ கொண்டு சந்திக்க வேண்டும் என்று எழுதினார். என்ன விசை? பணமா, படையா, பேச்சா? சொல்லவில்லை. ஐந்து மையங்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. நடை அத்தனை அழகு. படிப்பவர் மனதில் நீரோட்டமும் பொம்மைக் காரும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எல்லை எங்கே என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

நேரமும் பொருந்தவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு, 1947 மார்ச் 12 அன்று, கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்ட அதிபர் ட்ரூமன், உலகில் எங்கே சுதந்திர மக்கள் நெருக்கப்பட்டாலும் அமெரிக்கா துணை நிற்கும் என்ற தொனியில் பேசியிருந்தார். அந்தப் பொத்தாம்பொதுப் பேச்சு கென்னனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த அவருடைய கட்டுரையை ஊர் உலகம் அதே பேச்சுக்கு எழுதிய பொழிப்புரையாகப் படித்தது.

பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் வரிசையாகப் பல பத்திகள் எழுதி அவரைத் தாக்கினார். எல்லா இடத்திலும் தடுக்கப் போனால் அமெரிக்கா தன் பலத்தைச் சிதறடிக்கும், எங்கே சண்டை என்பதை மாஸ்கோ தீர்மானிக்கும் என்பது அவர் வாதம். கென்னனுக்கு வேதனை. ஏனென்றால் லிப்மன் சொன்னதில் பெரும்பகுதி அவருடைய சொந்தக் கருத்து. 1948-ல் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது லிப்மனுக்கு நீண்ட விளக்கக் கடிதம் ஒன்று எழுதினார். கடைசிவரை அதை அனுப்பவில்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் பாதித்த சம்பவம் இதுதான். சொன்னது ஒன்று, மற்றவர் கேட்டது வேறு. திருத்தும் கடிதமும் மேசையிலேயே தங்கிவிட்டது.

1950-ல் பால் நிட்ஸ தலைமையில் தயாரான ‘என்.எஸ்.சி.-68’ என்ற அரசு ஆவணம் கண்டெய்ன்மென்ட்டுக்குப் படை முகத்தைக் கொடுத்தது. எங்கே தோற்றாலும் அது எல்லா இடத்திலும் தோற்றதற்குச் சமம் என்ற பார்வை அதில் வந்தது. அந்த ஜூனில் கொரியப் போர் மூண்டது. சில ஆண்டுகளில் அமெரிக்க ராணுவச் செலவு மூன்று மடங்குக்கு மேல் போனது. ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று கென்னன் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை.

எல்லாப் பழியையும் மற்றவர் மேல் போட்டுவிட முடியாது. 1948-ல் ரகசிய நடவடிக்கைகளுக்கென்று தனி அலுவலகம் தொடங்க முன்நின்று வாதாடியவர்களில் கென்னனே ஒருவர். பிறகு அது கட்டுக்கடங்காமல் வளர்ந்ததைப் பார்த்து, அதைத் தன் பெரிய தவறாக ஒப்புக்கொண்டார்.

ஐந்து மாதத் தூதர்

1952-ல் அவர் கனவு கண்ட பதவி கிடைத்தது: மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர். ஸ்டாலினின் கடைசிக் காலம். தூதர் எங்கே போனாலும் காவலர்கள் பின்னால் வருவார்கள். சாதாரண ரஷ்யர் ஒருவரும் பேசத் துணிய மாட்டார். அந்த நாட்டின் இலக்கியத்தை நேசித்தவருக்கு இது தாங்க முடியாத தனிமை.

தூதர் குடியிருந்த வீட்டுச் சுவரில் மரத்தால் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்று மாட்டியிருந்தது. 1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அன்பளிப்பாகக் கொடுத்தது. ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று சோதிக்க வந்த வல்லுநர்கள், கென்னனைத் தன் அறையில் உட்கார்ந்து ஏதோ ஓர் அறிக்கையைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லச் சொல்ல, அந்தக் குரல் முத்திரைக்குள்ளிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மின்கலமோ கம்பியோ இல்லாத கருவி. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர் பெறும். ஏழு ஆண்டுகள் நான்கு தூதர்களின் பேச்சை அது கேட்டிருந்தது.

செப்டம்பரில் பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் செய்தியாளர் ஒருவர், மாஸ்கோவில் உங்களுக்கு ரஷ்யர்களோடு பழக்கம் உண்டா என்று கேட்டார். பாட் நௌஹைமில் நாஜிகள் அடைத்துவைத்த நாட்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. மாஸ்கோவிலும் அப்படித்தான், தெருவில் நடக்கலாம் என்பது மட்டும் வித்தியாசம் என்ற பொருளில் சொல்லிவிட்டார். போரில் கோடிக்கணக்கானோரை நாஜிகளுக்குப் பறிகொடுத்த நாட்டை அவர்களோடு ஒப்பிட்டது சின்ன விஷயம் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் சோவியத் அரசு அவரை ‘ஏற்கத்தகாதவர்’ என்று அறிவித்தது. திரும்பிப் போகவே முடியவில்லை. அடுத்த ஆண்டு, புதிய வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அவருக்கு வேறு பொறுப்பு எதுவும் தரவில்லை. அப்படியே ஓய்வு.

எழுத்தாளர்

ஐம்பது வயதுகூட ஆகாத கென்னன், அணுகுண்டு விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமர் தலைமையில் இருந்த பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் உட்கார்ந்து வரலாறு எழுதினார். 1917 புரட்சியின்போது அமெரிக்க–ரஷ்ய உறவு பற்றிய ‘ரஷ்யா லீவ்ஸ் தி வார்’ நூலுக்கு 1957-லும், முதல் தொகுதி நினைவுக் குறிப்புகளுக்கு 1968-லும் புலிட்சர் கிடைத்தது. இடையே கென்னடி காலத்தில் 1961 முதல் 1963 வரை யூகோஸ்லாவியாவில் தூதர். மற்றபடி மேசையும் பேனாவும்தான்.

நம்ம ஊரைத் தொட்டுப்போகும் ஒரு கதையும் இங்கே உண்டு. ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா, தன் இந்தியத் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966 கடைசியில் இந்தியா வந்து, 1967 மார்ச்சில் டெல்லி அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டார். அவர் கையில் இருந்த நினைவுக் குறிப்பின் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்து, சுவிட்சர்லாந்துக்கு நேரில் போய் அவரைச் சந்தித்து, அமெரிக்காவில் குடியேற உதவியவர் கென்னன்.

1966 பிப்ரவரியில் வியட்நாம் போர் பற்றி நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரித்தபோது, கண்டெய்ன்மென்ட்டின் தந்தையே சாட்சி சொல்ல வந்தார். வியட்நாம் அந்த ஐந்து மையங்களில் ஒன்றல்ல, அங்கே இவ்வளவு உயிரையும் பணத்தையும் கொட்டுவது தேவையற்றது என்பது அவர் நிலை. அதை நேரலையாகக் காட்டாமல் சி.பி.எஸ். தொலைக்காட்சி பழைய நகைச்சுவைத் தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. அதைக் கண்டித்து அதன் செய்திப் பிரிவுத் தலைவர் பதவி விலகினார்.

இவரை மகானாக்கி வைக்க எனக்கு மனமில்லை. கறுப்பின மக்கள், குடியேறியவர்கள், பெண்கள் பற்றி அவர் நாட்குறிப்புகளிலும் வெளியிடாத தாள்களிலும் எழுதியிருப்பது வருத்தம் தருகிறது. 1938-ல் இவர்களின் வாக்குரிமையைப் பறிக்கலாம் என்றுகூட எழுதிவைத்தார். தூரத்து நாட்டின் உள்மனதை அவ்வளவு நுட்பமாகப் படித்தவர், சொந்த நாட்டின் பாதிப் பேரைப் பார்க்கத் தவறினார்.

கணக்கு சரியாக வந்ததா?

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. வெளியிலிருந்து எந்தப் படையும் உள்ளே நுழையவில்லை. உள்ளிருந்த நோயில் உடைந்தது. 1947-ல் எழுதியது நடந்ததைப் பார்க்க 87 வயதில் கென்னன் உயிரோடு இருந்தார். ஆனால் மார்தட்டவில்லை. பனிப்போரில் தாங்களே வென்றதாகக் குடியரசுக் கட்சியினர் சொன்னபோது, 1992-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அதை மறுத்து எழுதினார். அமெரிக்காவின் கடும்போக்கு சோவியத் கடும்போக்காளர்களுக்கே பலம் கொடுத்தது, மாற்றத்தைத் தள்ளிப்போட்டது என்பது அவர் வாதம். 1997-ல், 92 வயதில், நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியைக் கிழக்கே விரிப்பது பனிப்போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொள்கையின் மிகப் பெரிய பிழையாகிவிடும் என்று அதே இதழில் எச்சரித்தார். இரண்டு ஆண்டில் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. 2005 மார்ச் 17 அன்று, 101 வயதில், பிரின்ஸ்டனில் காலமானார்.

நெடுந்தந்தியும் ‘எக்ஸ்’ கட்டுரையும் இணையத்தில் முழுசாகக் கிடைக்கின்றன. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கட்டுரையை முதலில் எடுங்கள், தந்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘எதிர்விசை’ என்ற சொல் வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, அந்த வரியை மட்டும் வைத்து, அவர் கேட்டது படையா பணமா என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.